தரவை மண்: கைவைக்கும் முன் அறிய வேண்டியவை

விதைப்பவனின் உவமையை நாம் எல்லோரும் ஞாயிறு பாடசாலையிலேயே கேட்டிருக்கிறோம். விதை ஒன்றுதான், விழுந்த நிலங்கள் வேறு. கமக்காரருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஆனால் மண் மாறும்போது விதைப்பவனும் தன் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

வலிகாமத்துச் செம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்த குடும்பங்கள் பல, 1990ஆம் ஆண்டிலிருந்து இடம்பெயர்ந்து, தமக்குப் பழக்கமில்லாத மண்ணில் கொத்த வேண்டி வந்தது. 1995 ஒக்டோபரில் மேலும் பல்லாயிரம் குடும்பங்கள் ஊரை விட்டு எழுந்தன. வலிகாமம் வடக்குக் காணிகள் 2009க்குப் பின்னர் கட்டம் கட்டமாகவே விடப்பட்டன. சொந்தக் காணிக்குக் காத்திருப்பவரின் கைக்கு எட்டுவது இரவல் காணி, அல்லது குத்தகைக் காணி. நல்ல மண்ணை எவரும் இலகுவில் இரவல் கொடுப்பதில்லை. கொடுக்கப்படுவது பெரும்பாலும் களப்போரத்துத் தரவை, அல்லது வெள்ளை பூத்துக் கைவிடப்பட்ட வயல்.

அந்த நிலத்தில் செம்மண்ணுக்குச் செய்ததையே செய்தால் விதையும் போகும், பசளைக் காசும் போகும், அடைவு வைத்த நகையும் போகும். ஆகவே இக்கட்டுரையில் தரவைக் களிமண்ணின் குணம் என்ன, அதன் நோயை எவ்வாறு அறிவது, எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

தரவை எவ்வாறு உண்டாயிற்று?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுவே களப்புகள் கிடக்கின்றன. வடமராட்சியை ஒட்டி நீளும் தொண்டைமானாற்றுக் களப்பு, வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையிலுள்ள உப்பாற்றுக் களப்பு, தெற்கே ஆனையிறவுக் களப்பு என்பன முக்கியமானவை. மாரியில் இவை நிரம்பும். கோடையில் ஓரங்கள் வற்றி, வல்லை வெளி, செம்மணி வெளி போன்ற பரந்த வெட்டைகள் தெரியும். மாடும் ஆடும் மேயும் இந்த வெளிகளைத்தான் நாம் தரவை என்கிறோம்.

மேட்டிலிருந்து மழைநீர் கொண்டுவரும் நுண்ணிய களியும் வண்டலும் பள்ளத்தில் படிகின்றன. அதே பள்ளத்தில் கடல்நீரின் உப்பும் சேர்கிறது. பங்குனிக்குப் பின் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் செல்கிறது. இவ்வாறு ஆண்டுதோறும் களியும் உப்பும் ஒன்றோடொன்று பழகிப் பழகி உண்டானதே தரவை மண்.

இலங்கை மண்களை 1961ஆம் ஆண்டு வகைப்படுத்திய மூர்மன், பாணபொக்கே ஆகிய அறிஞர்கள் இத்தகைய கரையோர உவர், களர் மண்களைத் தனி வகுப்புகளாகவே வைத்தனர். அவற்றுள் ஒரு வகை நம்மை ஏமாற்றும். மேலே சில அங்குலத்துக்கு வெளிறிய மணற்பாங்கான மண் இருக்கும். பார்வைக்கு நல்ல மண்தான். அதன் கீழே கல்லைப்போல் இறுகிய களி, தலை மழுங்கிய தூண்களாக நிற்கும். வேர் அந்தத் தூண்களின் தலைவரை சென்று அங்கேயே திரும்பிவிடும். எனவே தரவைக் காணி ஒன்றைப் பொறுப்பேற்கும் முன் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு இரண்டு அடிக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். மேற்பரப்பை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆனையிறவில் உப்பளம் அமைந்ததற்கும் இந்த மண்ணின் குணம் ஒரு காரணமாகும். உப்பளப் பாத்தியில் நீர் கீழே வடியாமல் நிற்க வேண்டும். அதற்கு இறுகிய களி வேண்டும். உப்பு விளைவிக்க நல்ல மண் எதுவோ, பயிர் விளைவிக்க அதுவே கடினமான மண்.

களிக்குள் நடப்பது என்ன?

களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் கூட்டம். ஏட்டுச்சுவடியின் ஏடுகள் போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஏடுகள் கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகிய சத்துகளைத் தம் மேல் பிடித்து வைத்திருக்கும்.

கல்சியத்துக்கு இரண்டு கைகள் உள்ளன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஓர் ஏட்டையும் மறு கையால் அடுத்த ஏட்டையும் பிடிக்கும். ஏடுகள் சேர்ந்து சிறு சிறு பருக்கைகளாகும். பருக்கைகளுக்கு இடையில் காற்றும் நீரும் வேரும் போகும். வலிகாமத்துச் செம்மண் பொலபொலவென்று இருப்பதற்கு அதிலுள்ள இரும்பும் இவ்வாறே உதவுகிறது.

சோடியத்துக்கு ஒரு கைதான். அத்துடன் அது தன்னைச் சுற்றி நிறைய நீரையும் சேர்த்துக்கொள்ளும். கடலுப்பிலிருந்து வந்த சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், ஏடுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். நனைந்தவுடன் மண் கரைந்து கூழாகும், நுண்துளைகள் அடைபடும், காய்ந்தவுடன் இறுகிப் பாளமாக வெடிக்கும். நனைந்தால் காலில் ஒட்டும், காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும் என்று நாம் முறைப்படும் மண் இதுதான். உழுவதற்கோ கொத்துவதற்கோ ஏற்ற பதம் இதில் ஓரிரு நாட்கள்தான் நிற்கும். ஈரத்தில் உழுதால் அந்த ஆண்டு முழுவதும் கட்டிதான்.

உவர் வேறு, களர் வேறு

வெள்ளை பூத்த நிலமெல்லாம் ஒரே நோய் கொண்டதல்ல. இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டாலே பாதி நட்டம் தவிர்க்கப்படும்.

முதலாவது, உவர் மண். மண்ணின் நீரில் உப்பு அதிகம். ஆனால் களியில் சோடியம் அளவுக்கு மீறி ஒட்டியிருக்கவில்லை. மண்ணின் மின்கடத்துதிறன் 4 டெசி சீமனுக்கு மேல் இருக்கும்; பி.எச். பெறுமானம் 8.5க்குக் கீழ் இருக்கும். கோடையில் வெள்ளைப் பொருக்கு உண்டாகும். பொருக்கின் கீழ் மண் பெரும்பாலும் பொலபொலப்பாகவே இருக்கும். நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமையால் பயிர் வாடும், இலை நுனி கருகும். இந்த நோய்க்கு மருந்து நன்னீரும் வடிகாலும் மட்டுமே.

இரண்டாவது, களர் மண். கரைந்த உப்பு குறைவு. ஆனால் களி பிடித்து வைத்துள்ள சத்துகளில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் சோடியம். பி.எச். 8.5க்கு மேல். மழைநீர் மேலே பால் நிறத்தில் கலங்கித் தேங்கி நிற்கும், நாட்கணக்காகத் தெளியாது. சில இடங்களில் மண்ணிலுள்ள உக்கல் கரைந்து மேலே வந்து கருமையான மினுக்கமான படையாகக் காயும். இந்த நோய்க்கு நன்னீர் மட்டும் போதாது. முதலில் கல்சியம், அதன் பின்னரே நீர்.

மூன்றாவது, இரண்டும் கலந்தது. உப்பும் அதிகம், சோடியமும் அதிகம். களப்போரங்களில் இதற்குக் குறைவில்லை. இதுவே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் நிறைய உப்பு இருக்கும்வரை களி ஏடுகள் விலகமாட்டா. மண் உவர் மண்போலப் பொலபொலப்பாகத் தோன்றும். அதை வெறும் உவர் என்று நம்பி, வரம்பு கட்டி, மாரி மழையால் கழுவினால் உப்பு போய்விடும், சோடியம் களியிலேயே தங்கிவிடும். அடுத்த கோடையில் அந்த நிலம் சீமெந்துத் தரையாகக் கிடக்கும். நல்லது என்று எண்ணிச் செய்த வேலையே நிலத்தைக் கெடுத்துவிடும்.

நெதர்லாந்து நாட்டினர் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். 1953ஆம் ஆண்டு கடல் பொங்கி அவர்களுடைய களி வயல்களை மூடியது. உப்புநீர் வடிந்த பின்னர் களி இளகி வழுவழுத்துப் போகும் என்பதை அறிந்திருந்த அவர்கள், ஜிப்சம் இட்டே அந்த வயல்களை மீட்டார்கள். நம் பக்கத்தில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கில் புகுந்தது. மணல் நிலத்தின் உப்பை மழை விரைவாகக் கழுவிக் கீழே கொண்டுபோகும். களிப் பள்ளத்தில் அவ்வாறு நடக்காது. மணலில் கண்ட அனுபவத்தைக் களிக்குப் பொருத்தக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

ஆய்வுகூடத்துக்குப் போகும் முன் காசில்லாமல் செய்யக்கூடியவை இவை. சோதனைக்கு மழைநீர் மட்டுமே பாவிக்க வேண்டும். கிணற்று நீரில் கல்சியமும் உப்பும் இருப்பதால் முடிவு பிழைக்கும்.

1. கட்டிச் சோதனை: காய்ந்த மண்ணில் கடலையளவு கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் மெதுவாக இடுங்கள். ஆட்டக் கூடாது. இரண்டு மணித்தியாலத்தின் பின்னரும், மறுநாள் காலையிலும் பாருங்கள். கட்டி உதிர்ந்து குவிந்து, நீர் தெளிவாக இருந்தால் களர் வெளிப்படையாக இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற வளையம் பரவினால் அது களர்.

2. கழுவிய சோதனை: மறைந்திருக்கும் களரைக் காட்டுவது இதுவே, தவறவிட வேண்டாம். தெளிவான போத்தலில் காற்பங்கு மண்ணும் மிகுதிக்கு மழைநீரும் இட்டு நன்றாகக் குலுக்குங்கள். மண் அடைந்ததும் தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மீண்டும் மழைநீர் விட்டுக் குலுக்குங்கள். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்யுங்கள். முதல் தடவை விரைவாகத் தெளிந்த நீர், கடைசித் தடவை நாள் முழுவதும் கலங்கியே நின்றால், அது உவரும் களரும் கலந்த மண். மாரி மழை உங்கள் வயலில் என்ன செய்யப்போகிறது என்பதைப் போத்தல் முன்கூட்டியே காட்டிவிட்டது.

3. வினாகிரிச் சோதனை: மண்ணில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு உண்டு. சிப்பித் துண்டுகள் கலந்த களப்பு மண்ணில் இது அதிகம். இதன் பயனைப் பின்னர் சொல்வோம்.

அதன் பின்னர் மண்ணை ஆய்வுக்குக் கொடுங்கள். ஒரே நிறமுள்ள துண்டில் எட்டுப் பத்து இடங்களில், அரை அடி ஆழம் வரை எடுத்து, கலந்து, அதிலிருந்து அரைக் கிலோகிராம் போதும். அடுத்த அரை அடி மண்ணை வேறாக எடுங்கள். பசளைப் பையில் போடாதீர்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டால் எங்கு அனுப்புவது என்று சொல்வார்கள். பி.எச்., மின்கடத்துதிறன், மாற்றீட்டுச் சோடியம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். முதல் இரண்டு மட்டும் தெரிந்தால் போதாது.

மழையைப் பிடித்து வைத்தல்

குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. ஓர் அடி மண்ணின் ஊடாக ஓர் அடி நன்னீர் வடிந்து போனால், அதிலுள்ள உப்பில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை கழுவப்படும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே மழை போதும். அது வழுவழுத்த மேற்பரப்பில் ஓடிக் களப்பில் சேர்ந்துவிடுவதுதான் குறை.

ஆவணியில், மண் காய்ந்திருக்கும்போதே, நிலத்தை மட்டப்படுத்திச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒன்று முதல் ஒன்றரை அடி உயர வரம்பு கட்டுங்கள். மேடாக விடப்படும் இடத்தில்தான் உப்பு ஏறிக் குடியிருக்கும். அடுத்தது வடிகால். கழுவிய உப்பு போவதற்கு வழி இல்லாவிட்டால் அது தையில் மீண்டும் மேலே வரும். பள்ளப் பக்கமாக இரண்டு மூன்று அடி ஆழமான வாய்க்கால் ஒன்று வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் களப்பு நீர்மட்டம் உங்கள் வாய்க்காலுக்கு மேல் நின்றால், அந்த நிலத்தைக் கழுவ வழியில்லை. அதைப் புல்லுக்கு விட்டுவிட்டுச் சற்று மேடான துண்டில் உங்கள் உழைப்பைப் போடுங்கள்.

ஜிப்சமும் சுண்ணாம்பும்

களர் மண்ணுக்கு வேண்டிய கல்சியத்தை இலகுவாகக் கொடுப்பது ஜிப்சம். அது நீரில் ஓரளவு கரையும். அதிலுள்ள கல்சியம் சோடியத்தைக் களியிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் மழைநீரோடு வடிகாலில் போய்விடும்.

எவ்வளவு வேண்டும் என்பதை ஆய்வு முடிவுதான் சொல்லும். ஒரு பருமட்டான கணக்கு இது: அரை அடி ஆழ மண்ணில், 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லிச் சமவலு சோடியத்தை நீக்க, ஒரு பரப்புக் காணிக்கு ஏறத்தாழ 50 கிலோகிராம் ஜிப்சம் தேவை. நான்கு அலகு நீக்க வேண்டுமானால் பரப்புக்கு 200 கிலோகிராம். பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கருக்கு இது 3 தொன்னுக்கு மேல். காணி முழுவதற்கும் வாங்கக் கடன்பட வேண்டாம். இரண்டு பரப்பில் தொடங்கி, பலனைப் பார்த்து, பின்பு விரியுங்கள். மழைக்கு முன் தூவி, மேல் மண்ணில் மூன்று நான்கு அங்குலத்துக்குக் கலந்து, பின்னர் நீரைத் தேக்குங்கள். இட்டுவிட்டு நீர் கட்டாமல் விட்டால் அதன் வேலை நடவாது.

இங்கே ஒரு கேள்வி எழும். எமது குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. காங்கேசன்துறையில் 1950 தொடக்கம் 1990 வரை சீமெந்துக்காக அகழ்ந்ததும் அந்தக் கல்லைத்தான். அதுவும் கல்சியம்தானே, அதைப் பொடித்து இட்டால் என்ன?

இட்டால் பயனில்லை. சுண்ணாம்புக் கல் புளிப்பான மண்ணில் கரையும். காரமான மண்ணில் கரையாது. கரையாத கல்சியம் களிக்கு எட்டாது. சுட்ட சுண்ணாம்போ மண்ணை இன்னும் காரமாக்கிவிடும். புளித்த மண்ணுக்குரிய மருந்தைக் களர் மண்ணுக்குக் கொடுக்கக் கூடாது. அடுப்புச் சாம்பலும் காரமானதே. அதையும் இந்த நிலத்தில் கொட்ட வேண்டாம்.

குழை தாழ்த்திய முன்னோரின் அறிவு

ஜிப்சம் வாங்க வசதியில்லாதவருக்கு வழியே இல்லையா? உண்டு, ஆனால் மெதுவான வழி. அதை நம் முன்னோர் பெயர் தெரியாமலே கைக்கொண்டனர்.

வினாகிரிச் சோதனையில் மண் நுரைத்திருந்தால், கல்சியம் மண்ணுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். அந்தப் பூட்டைத் திறப்பது புளிப்பு. பச்சிலையும் எருவும் உக்கும்போது கரியமில வாயு வெளிவரும். அது மண்ணீரில் கரைந்து மென்மையான புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் சிப்பியும் சுண்ணாம்பும் சிறிது சிறிதாகக் கரைந்து கல்சியத்தை விடுவிக்கும். பூவரசங் குழையும் சீமைக்கிளுவையும் வெட்டி வயலில் தாழ்த்தியதும், காவோலையைக் கிடங்கில் புதைத்ததும், மாட்டுப்பட்டி அடைத்ததும் வெறும் பசளைக்காக மட்டுமல்ல, மண்ணைத் திறப்பதற்காகவும்தான்.

வெட்டிக் கொண்டுவரக் குழை இல்லாதவர்கள் தக்கைப்பூண்டை விதைக்கலாம். களரையும் தேங்கும் நீரையும் தாங்கி வளரக்கூடிய செடி அது. முதல் மழையுடன் விதைத்து, 45 முதல் 50 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுதுவிட வேண்டும். அதன் வேர் இறுகிய களியைத் துளைத்து நீருக்கு வழியும் செய்யும். கடற்சாதாளையைப் பசளையாக இடும் வழக்கம் எம்மிடம் உண்டு. தரவை மண்ணுக்கு அதை இடுவதானால், மேட்டில் குவித்து ஒரு மாரி மழையில் உப்பைப் போக்கிய பின்னரே இடுங்கள்.

யூரியாவைக் காரமான மண்ணின் மேல் தூவினால் அதன் தழைச்சத்தில் ஒரு பகுதி வாயுவாகி வானத்துக்குப் போகும். அமோனியம் சல்பேற்று இந்த மண்ணுக்கு ஏற்றது. நெற்பயிர் நட்டுச் சில வாரங்களில் இலையில் துருநிறப் புள்ளி கண்டு குறுகி நின்றால் நாகச்சத்துக் குறைபாடாக இருக்கலாம், போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கிணற்று நீர் என்னும் கடன்

செம்மண் கமக்காரரின் பலம் இறைப்பு. தரவையில் அதுவே பலவீனமாகலாம். களப்போரக் கிணற்றில் மேலே மெல்லிய நன்னீர்ப் படையும் அதன் கீழ் உவர்நீரும் இருக்கும். இயந்திரத்தால் விரைவாக இறைத்தால் உவர்நீர் மேலே ஏறும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மின்கடத்துதிறன் 2 டெசி சீமன் உள்ள நீர் நாவுக்குச் சற்றே சவர்த்தன்மையாகத் தெரியும். பலர் இது பரவாயில்லை என்பார்கள். அதில் லீற்றருக்கு 1.3 கிராம் அளவில் உப்பு உண்டு. ஒரு பரப்புக் காணிக்கு ஓர் அங்குல நீர் கட்டினால் ஏறத்தாழ 6,300 லீற்றர். அதாவது ஒரே இறைப்பில் 8 கிலோகிராம் உப்பு. இருபது முறை இறைத்தால் 160 கிலோகிராம். நாம் கடையில் காசு கொடுத்து வாங்கிய பசளையைவிடக் காசில்லாமல் இறைத்த உப்பு அதிகம்! செம்மண்ணில் அதை அடுத்த மாரி கழுவிவிடும். வடியாத களியில் அது கடனாக நின்று வட்டியோடு பெருகும்.

ஆகவே தரவைக் களியில் மழையை நம்பிய காலபோகமே முதன்மையானது. கோடையில் இறைத்துப் பயிர் செய்வதை, மண் திருந்தும்வரை தள்ளிப்போடுங்கள். வெறும் தரையாகவும் விடாதீர்கள். வைக்கோலோ ஓலையோ பரப்பி மூடினால் வெயில் நீரை இழுப்பது குறையும். உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

எதைப் பயிரிடலாம்?

எமக்குப் பழக்கமான பணப்பயிர்களே உப்பை மிகவும் குறைவாகத் தாங்குபவை. மண்ணின் மின்கடத்துதிறன் 1.2ஐத் தாண்டியதும் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். போஞ்சிக்கும் கரட்டுக்கும் எல்லை 1, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3, பீற்றூட்டுக்கு 4. கையிலிருக்கும் விதை வெங்காயத்தைத் தரவையில் நட்டுவிட்டுக் கடவுளே என்று இருப்பது விதையை வீசுவதற்குச் சமம்.

நெல்லே முதல் பயிராகட்டும். தேங்கும் நீரில் நெல் வளர்வதால் உப்பும் கழுவப்படுகிறது. களரையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் உப்பு அதைத் தாக்கும். ஆதலால் புழுதி விதைப்பைவிட, நல்ல மண்ணில் நாற்று மேடை போட்டு, 30 நாளுக்கு மேற்பட்ட முற்றிய நாற்றை நெருக்கமாக நடுவது பாதுகாப்பானது. உவரைத் தாங்கும் பொக்காளி இனத்தின் வழிவந்த ஏ.ரி. 354 என்னும் நெல்லினத்தை இலங்கை விவசாயத் திணைக்களம் 1992இல் வெளியிட்டது. மூன்றரை மாத வயது. தமிழ்நாட்டில் களர் நிலத்துக்கென்றே திருச்சி 1 என்னும் இனம் உருவாக்கப்பட்டது. இந்தியாவின் கர்னால் நகரில் 1969இல் தொடங்கிய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் வட இந்தியக் களர் நிலங்களில் காட்டிய வழியும் ஜிப்சம், பின்பு நெல், பின்பு பசுந்தாள் என்ற இதே வரிசைதான்.

மண் இன்னும் கடினமாயின் புல்லுக்கு விடுவதில் வெட்கமில்லை. அறுகு களரை நன்றாகத் தாங்கும். அதன் வேரே மண்ணைத் திறக்கும். உமரி மட்டுமே முளைக்கும் இடம் மிகக் கடுமையான உவர். அதில் கைவைக்க வேண்டாம். அறுகு தானாகப் படரத் தொடங்கினால் நிலம் திருந்துகிறது என்று அறியலாம். ஈரமான தரவையில் மாட்டை விடாதீர்கள். குளம்பு பதிந்த இடமெல்லாம் களி இறுகி அடுத்த ஆண்டு புல் முளைக்காது.

ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது

வரம்பை ஒரு குடும்பம் கட்டலாம். களப்பின் வாயை ஒரு குடும்பம் கட்ட முடியாது. கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்குடன் தொண்டைமானாற்றில் 1953இல் கதவணை கட்டி முடிக்கப்பட்டது. அரியாலையில் உப்பாற்றுக்கும் 1950களில் ஒன்று அமைந்தது. களப்புகளை நன்னீராக்கும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தைப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். ஆனையிறவுக் களப்பிலிருந்து நீரைக் கொண்டுவர வேண்டிய முள்ளியான் வாய்க்கால் முடிவுறாமலே நின்றது. வழுக்கியாறு கடலோடு சேரும் அராலியிலும் தடுப்பணை உண்டு.

கதவு இறுக்கமாக இருந்த ஆண்டுகளில் ஓரத்து வயல்கள் தேறின. கதவு பழுதாகி உவர்நீர் உட்புகுந்த ஆண்டுகளில் மீண்டும் உவர்ந்தன. ஆகவே கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் விதை, பசளை மானியத்தைப் பற்றி மட்டும் பேசாமல், கதவு எப்போது மூடப்படும், எப்போது திறக்கப்படும், வடிகால் வாய்க்கால் எப்போது துப்புரவாக்கப்படும் என்றும் கேளுங்கள். இடம்பெயர்ந்து வந்தவர் என்பதற்காகப் பின்வாங்கில் இருந்து மௌனமாக வர வேண்டாம். பள்ளக் காணியில் செய்பவருக்கே இக்கேள்விகள் முதலில் தேவை.

இரவல் காணியும் மூன்று ஆண்டும்

களர் மண் ஒரு போகத்தில் திருந்தாது. முதலாண்டு வரம்பும் வடிகாலும் தக்கைப்பூண்டும். இரண்டாமாண்டு ஜிப்சமும் நெல்லும். மூன்றாமாண்டில்தான் விளைவு என்று சொல்லத்தக்கது கைக்கு வரும். பலர் இரண்டாமாண்டு முடிவில் சலித்து விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் மூன்றாண்டு பாடுபட்டுத் திருத்திய பின்னர், காணிக்குரியவர் அதைத் திரும்பக் கேட்டுவிடுகிறார். இரண்டும் வேதனையானவை. ஆதலால் ஒரு மூடை ஜிப்சம் வாங்கும் முன்னரே, குறைந்தது ஐந்து போகத்துக்கு நிலம் உங்களிடம் இருக்கும் என்று எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். கிராம அலுவலர் முன்னிலையில் எழுதினால் நல்லது. கேட்பதில் தவறில்லை. திருந்திய மண் இறுதியில் காணிக்காரருக்கும் இலாபம்தானே. அத்தகைய எழுத்து கிடைக்காவிட்டால், செலவில்லாத வரம்பு, குழை, மூடாக்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காய்க்காத அத்திமரத்தைப் பற்றி லூக்கா சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. வெட்டிவிடச் சொன்ன எசமானிடம் தோட்டக்காரன் கேட்டது இன்னும் ஓர் ஆண்டு அவகாசம். தான் செய்வதாகச் சொன்னது சுற்றிலும் கொத்தி எருவிடுவது. தரவை மண்ணும் எம்மிடம் கேட்பது இவற்றைத்தான். ஆனால் கொத்தும் முன் ஒரு போத்தலில் மழைநீரும் ஒரு பிடி மண்ணும் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். நிலத்தின் நோயை அறிந்த பின்னர் போடும் உழைப்பே வீண்போகாத உழைப்பு.